டாக்டரம்மா முகத்துக்கு நேராகக் காலை நீட்டலாமா

என் அக்காள் ராஜலட்சுமியின் கணவர் நாகராசு மச்சான் போனில் யாரோடு பேசுகிறார் என்பதை அவருடைய வேட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். வேட்டி மடித்துக் கட்டியபடியே இருந்தால் எதிர்முனையில் நான். பாதி இறங்கினால் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர். முழுதும் இறங்கிக் கணுக்காலை மூடி, மனிதரும் எழுந்து நின்றுவிட்டால் தாலுகா ஆபீஸ். "அங்கிட்டு இருக்கவருக்கு இதெல்லாம் தெரியவா போகுது?" என்று ஒருநாள் கேட்டேன். "அவருக்குத் தெரியாட்டி என்ன மாப்ளே, எனக்குத் தெரியும்ல?" என்றார்.

அறுபதை நெருங்கும் வயது. அரிமளத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் இரண்டு ஏக்கர் கடலைக் கொல்லை வைத்திருக்கிறார். நடுவில் எட்டு வருஷம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தார். அங்கே போயும் மாறவில்லை. தினம் காலையில் சீனக்கார சூப்பர்வைசரைக் கைகூப்பிக் கும்பிட, அந்த மனிதர் ஏதோ வம்பு என்று பயந்து, பிறகு அவரும் கும்பிடப் பழகிவிட்டாராம். மரியாதை விஷயத்தில் மச்சானுக்கு ஒரே ஒரு விலக்குதான் உண்டு, அது நான். பெண்டாட்டியின் தம்பிக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? நானும் திருப்பிக் கொடுத்ததில்லை. முப்பது வருஷமாக ஒருவரை ஒருவர் கேலி பேசியே சொந்தத்தைக் காப்பாற்றி வருகிறோம்.

சிங்கப்பூரிலிருந்து அவர் கொண்டு வந்தவை ஒரு தையல் மிஷின், இரண்டு கம்பளி, கொஞ்சம் சர்க்கரை நோய். முன்பெல்லாம் டாக்டரைப் பார்க்கப் புதுக்கோட்டை போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். பஸ்ஸுக்கு நின்று, சீட்டுக்கு நின்று, வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன வியாதிக்கு வந்தோம் என்பதே மறந்துவிடும். இப்போது வியாழக்கிழமைதோறும் எங்கள் ஊர் சுகாதார சப் சென்டரில் நர்ஸ் செவந்தி சிலேட்டு மாதிரி ஒரு டேப்பை மேஜையில் நிறுத்தி வைக்கிறார். புதுக்கோட்டையில் இருக்கும் டாக்டர் பிரகதீஸ்வரி அதில் வந்து பேசுகிறார். சின்ன வயசு, நிதானமான குரல்.

ஊருக்கு நல்ல காரியம்தான். ஆனால் ஊர் ஊர்தானே. முதல் மாதம் பெண்களெல்லாம் பவுடர் பூசி, பூ வைத்து, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்தார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால், "நல்லா இருக்கோம்மா, நீங்க சாப்பிட்டீகளா?" என்பார்கள். நல்லா இருக்கிறவர்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்க அந்த அம்மாவுக்கும் மனசு வரவில்லை.

மச்சானைக் கேட்கவே வேண்டாம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவது போல விறைப்பு. டேப்பில் முகம் தெரிந்ததும் எழுந்து கும்பிடுவார். எழுந்ததும் டாக்டருக்கு அவருடைய சட்டைப் பொத்தான் மட்டும்தான் தெரியும். "ஐயா, உக்காருங்க" என்று அந்த அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். பேர் வேறு அப்படி அமைந்துவிட்டது. திருக்கோகர்ணத்து அம்பாளின் பேர். "சும்மா டாக்டருன்னு நெனைக்காதே மாப்ளே, அம்பாளே வந்து பேசுற மாதிரி இருக்கு" என்பார்.

ஆவணி மாதத்தில் கொல்லை வேலியில் கிடந்த ஒரு கருவேல முள் செருப்பைத் துளைத்து அவருடைய இடது கட்டை விரலுக்கு அடியில் ஏறியது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்துப்போகும். வலிக்கவில்லை. வலிக்காததால் ஒன்றுமில்லை என்று அவரே தீர்ப்புச் சொல்லி, பழைய துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டார். அக்காள் கேட்டதற்குச் சின்னக் கீறல் என்றார். என் உரக்கடைக்கு நொண்டிக்கொண்டு வந்தபோது நான் கடையில் இருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி, "என்ன மச்சான், கோயில் காளை மாதிரி ஆடி ஆடி வாரீக?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

சர்க்கரை ஏறியிருக்கிறது, வாராவாரம் வாங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வியாழனும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "கால்ல புண்ணு ஏதும் இருக்காய்யா?" இவர் கூசாமல், "ஒண்ணும் இல்லீங்கம்மா" என்பார். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதர், இரண்டு வாரம் அம்பாள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார்.

மூன்றாவது வியாழன் காலையில் அக்காள் என் கடைக்கே வந்துவிட்டாள். "டேய், ஒங்க மச்சான் கால்ல நாத்தம் அடிக்குதுடா. என்னைய அவுத்துப் பாக்க விடமாட்டேங்குறாரு. கேட்டா எரிஞ்சு விழுறாரு. நீ கூடப் போ" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது குறைவு. கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

சப் சென்டரில் செவந்தி எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். "டாக்டர், ஐயா கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. வாடை வருது" என்று போட்டு உடைத்தார்.

"அப்படியா? காட்டுங்கய்யா, பாப்போம்" என்றார் டாக்டர்.

"அது மட்டும் முடியாதுங்கம்மா."

"ஏன், வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லீங்க. ஒங்க மொகத்துக்கு நேராக் காலைத் தூக்குறதா? பெரிய பாவம்ங்கம்மா. அதுவும் அந்தப் பேரு வச்சவுகளுக்கு."

அப்போதுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றார் செவந்தி. "போட்டோவையும் அவுகதானே பாப்பாக?" என்றார் மச்சான். காலைத் தூக்க வேண்டாம், டேப்பைத் தரையில் வைத்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை. "அம்மாவத் தரையில, என் காலடியில வைக்கச் சொல்றியா? நீயெல்லாம் மனுசனாடா?"

டாக்டர் திரைக்குக் கிட்டே வந்தார். பிறகு, "ஐயா, ஒளிக்காமச் சொல்றேன். இப்படியே விட்டா அந்தக் காலையே எடுக்க வேண்டியது வரும். பரவாயில்லையா?" என்றார்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "போனாப் போகட்டும்ங்கம்மா. காலுதானே."

வீம்புக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்த மனிதர் மரியாதைக்காகக் காலைக் கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலில் எழுந்து நின்று கும்பிடவும் செய்வார்.

டேப் திடீரென்று இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து டாக்டரின் குரல் மட்டும் வந்தது. "நான் கேமராவ அணைச்சுட்டேன்யா. இப்ப என் மொகம் அங்க இல்ல. செவந்திக்கிட்டக் காட்டுற மாதிரி காட்டுங்க."

மச்சான் டேப்பை உற்றுப் பார்த்தார். செவந்தியைப் பார்த்தார். "அம்மா மொகம் இல்லைல?"

"இல்லங்கய்யா."

இந்தப் பக்கத்துக் கேமரா வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாதா? வெளிநாட்டில் இருக்கும் மகளோடு தினமும் வீடியோவில் பேசுகிறவர்தானே. எல்லாம் தெரியும். கண்ணுக்குக் கண் படாமல் இருந்தால் போதும், மரியாதை பிழைத்துக்கொள்ளும் என்று அவருக்குள் ஒரு கணக்கு. "மன்னிச்சுக்கங்க தாயி" என்று இருட்டைக் கும்பிட்டுவிட்டுக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்.

செவந்தி கட்டைப் பிரித்தார். கட்டை விரல் கறுத்திருந்தது. அடியில் ஒரு பள்ளம், அதில் சீழ். ஆடி ஆடி வாரீக என்று நான் கேலி பேசிய கால் அது. அந்த நிமிஷம் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இன்னைக்கே வாங்க. இப்பவே கெளம்புங்க" என்றது குரல். குரல் கேட்டதும் மச்சான் வெடுக்கென்று காலை இறக்கி, வேட்டியையும் இறக்கிவிட்டு, எழுந்து நின்றார்.

என் கடையின் குட்டியானை வண்டியிலிருந்து யூரியா மூட்டைகளை இறக்கிவிட்டு, அதில் அவரை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டை விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்றார்கள். மறுநாள் டாக்டர் பிரகதீஸ்வரி நேரிலேயே வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துப் பார்த்தார். மச்சான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். விரல் போனதற்கு அவர் அழவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு கட்டளை போட்டார். இவருக்குக் காலில் உணர்ச்சி இல்லை, குனிந்து பார்க்கவும் முடியாது. ஆகவே தினமும் வேறு ஒருவர் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். யார் பார்ப்பது? அக்காள் பார்த்தால் அழுவாள் என்றார் மச்சான். செவந்தி படித்த புள்ளை, கூடாது என்றார். சுற்றிச் சுற்றி யோசித்து, "மாப்ளே இருக்கான்ல" என்றார்.

அப்படி விடிந்தது என் பிழைப்பு. தினமும் கடை திறப்பதற்கு முன்னால் போகிறேன். வேட்டியை மடித்துக் கட்டியபடியே உட்கார்ந்து, காலைத் தூக்கி என் முகத்துக்கு நேராக நீட்டுவார். மன்னிப்பெல்லாம் கிடையாது. "நல்லாப் பாருடா, காசா பணமா?" என்று அதட்டல் வேறு. வியாழக்கிழமைகளில் டாக்டர் இன்றும் கேமராவை அணைத்துவிட்டுத்தான் அந்தக் காலைப் பார்க்கிறார். இந்த உலகத்தில் கூசாமல் அவர் கால் நீட்டும் ஒரே முகம் என்னுடையது. எனக்கு அதில் பெருமைதான், அவரிடம் சொன்னதில்லை.

போன மாதம் ஒருநாள் குதிகாலில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். அவர் உடனே போனை எடுத்துச் செவந்தியைக் கூப்பிட்டுவிட்டார். செவந்தி வந்து பார்த்து, செருப்பு வார் உரசியதுதான், புண் இல்லை என்று மருந்து தடவிப் போனார்.

"நான் ஒண்ணும் சொல்லவே இல்லையே மச்சான், எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"நீ கேலி பண்ணல மாப்ளே. அதான் பயந்துட்டேன்."

அதிலிருந்து, கால் நன்றாக இருக்கிற நாளெல்லாம் மறக்காமல் ஏதாவது கேலி பேசிவிடுகிறேன்.