வீரபத்திரன் அடிக்கு முறைப்பாடு இல்லை

தைப்பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த மறுநாளே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துப் பேச்சு கிளம்பிவிடும். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் அதே பேச்சு, பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் அதே பேச்சு. இந்த மாசிக்கு ரதி வேஷம் யாருக்கு, போன வருஷத்து எமன் ஏன் பாதிக் கூத்தில் தொண்டை கட்டி நின்றான், தப்புக்குப் புதுத்தோல் போட்டாயிற்றா. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்துக் கூத்து என்றால் சுற்றியிருக்கிற தோட்டமெல்லாம் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். வராமல் என்ன? எங்கள் வீரபத்திரனைப் பார்த்துக் காய்ச்சல் கண்ட பிள்ளைகள் எத்தனையோ.

கூத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கிற சிவன்மேல் மதன் அம்பு விடுவான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரிப்பார். ரதி தலைவிரித்து அழுவாள். எரிப்பதற்கு முன்னால் சிவனுடைய கோபம் வீரபத்திரனாகக் காமன் பொட்டலில் இறங்கும். இடுப்பில் வடக்கயிறு கட்டி, நாலு ஆம்பளைகள் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கையில் சிவப்புச் சாயம் பூசிய தண்டாயுதம். அதால் மதனை அடிப்பான். மதன் கையைத் தூக்கித் தடுக்கக் கூடாது, நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவன் யாரிடமும் முறைப்பாடு சொல்லவும் கூடாது. வீரபத்திரன் அடி சாமி அடி. தண்டாயுதம் முருக்க மரத்தில் செய்வது. காய்ந்தால் கையில் இருப்பதே தெரியாது, பூனைக்குட்டிக்குக்கூட வலிக்காது. அதனால்தான் அந்தச் சட்டம் அவ்வளவு காலம் நின்றது.

நான் சொல்லும் வருஷம் மதன் என் புருஷன். வீரபத்திரன் என் கூடப்பிறந்த அண்ணன்.

இருவரும் முந்தின வருஷம்தான் மூன்று வருஷத்துக்கு ஆடுவதாக நேர்ந்து காப்புக் கட்டிக்கொண்டார்கள். அப்போது மச்சானும் மச்சானும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அதன் பிறகு தோட்டத்தில் தொழிற்சங்கம் இரண்டாக உடைந்தது. என் புருஷன் புதுச் சங்கத்துக்குப் போனார், அண்ணன் பழையதிலேயே நின்றான். தீபாவளி கழிந்து ஒரு காலை, பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் நேரம், வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, கல் பறந்து, கொழுந்துக் கூடைகள் மிதிபட்டன. அந்தக் கூட்டத்துக்குள் என் புருஷன் செடி மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு ஒன்றைப் பிடுங்கி அண்ணன் வாயிலேயே போட்டார். முன்பல் இரண்டும் போயிற்று. அண்ணன் ரத்தத்தைத் துப்பிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"மாசி வரட்டும்."

கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது விளங்கியது.

என் புருஷன் தங்கமான மனிதர் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுதக் கை வரவில்லை. சாராயம் உள்ளே போனால் அவர் கைக்கு என் கன்னம்தான் தெரியும். மாதத்தில் நாலைந்து தரமாவது வாங்குவேன். "அடியாத மாடு படியாது" என்று லயத்து வீட்டு வரிசைக்கே கேட்க ஒரு பழமொழி வேறு. பக்கத்துக் காம்பராவில் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள், ஏனென்றால் மறுநாள் அங்கேயும் அதே மாடுதான், அதே படிப்புதான். ஆனாலும் அவர் செத்துப்போக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. என் வயிற்றில் அப்போது பிள்ளை மூன்று மாதம்.

மாசி மூன்றாம் பிறைக்குக் கம்பம் ஊன்றினார்கள். வேலை விட்டதும் பிள்ளைக்காம்பராவில் ஒத்திகை. பகலெல்லாம் தொட்டிலில் பிள்ளைகள் கிடக்கும் அந்த மண்டபத்தில் சலங்கை கட்டிய கால்கள் தரை அதிர மிதிக்கும். அண்ணனும் என் புருஷனும் எதிரெதிரே ஆடினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கீரை கொடுக்கப் போனேன். லயத்துக்குப் பின்னால் அண்ணன் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தான். தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி கட்டையில் இறங்காமல் வழுக்கியது. முருக்கமரத்தில் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். கிட்டப் போய்ப் பார்த்தேன். பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டை. இரும்பு தோற்றுவிடும்.

"அண்ணே, என்னண்ணே இது?"

"தண்டாயுதம்."

"தேயிலைக் கட்டையிலயா? மண்டையில பட்டா ஆள் மிஞ்சுமா?"

கத்தியைக் கீழே வைக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தான். பல் போன இடத்தில் நாக்கு வந்து போனது.

"சாமி வந்தா எனக்கென்ன புள்ள தெரியும்? சாமி பாத்துக்கும்."

"என் தாலிய அறுக்கப் பாக்குறியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

"அறுந்தா அம்மா வீட்டுக்கு வந்துரு. சோத்துக்கா பஞ்சம்? உன்னைத் தினம் அடிக்கிறவனுக்குத்தானே பரிஞ்சு பேசுற. வெக்கமா இல்ல?"

கீரைக்கட்டை அவன் முகத்தில் எறிந்துவிட்டு நேரே கூத்து வாத்தியாரிடம் ஓடினேன். தோட்டத்துக் கோயிலில் பூசை செய்பவரும் அவர்தான். வேஷத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கட்டையையாவது வாங்கிப் பாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

"நேந்து கட்டுன காப்ப நடுவுல அவுக்க முடியாதும்மா. தோட்டத்துக்கே ஆகாது. ஆயுதம் செதுக்குற கட்ட சாமிக்குன்னு நேந்தது, ஆடுறவன் தவிர யாரும் தொடக் கூடாது."

"மனுசன் செத்தா பரவாயில்லயா?"

"சாமி இருக்கும்மா. போ."

மிச்சம் என் புருஷன்தான். அவரிடம் சொன்னேன். அண்ணன் தேயிலைக் கட்டை செதுக்குகிறான், காய்ச்சல் என்று படுத்துவிடுங்கள், பௌர்ணமி கழியட்டும் என்றேன். என் வாய் மூடுவதற்குள் கன்னத்தில் விழுந்தது.

"என்னைப் பொட்டச்சின்னு ஊரே சிரிக்கணுமா? அவன் அடிக்கட்டும். நான் நெஞ்ச நிமித்தி நிப்பேன்."

ஆம்பளைகளுடைய ரோஷத்தை என்னவென்று சொல்வது! ஒருவனுக்கு அடிக்க வேண்டும், ஒருவனுக்கு வாங்க வேண்டும். நடுவில் தாலி என் கழுத்தில்.

பௌர்ணமி விடியற்காலை. பனி பொட்டலை மூடியிருந்தது. தப்புத் தோல் தொய்ந்து போகாமலிருக்க ஓரத்தில் நெருப்பு மூட்டி அடிக்கடி தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த நெருப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். மதன் வேஷத்தில் என் புருஷன் பச்சை முகமும் காகிதக் கிரீடமுமாகக் கம்பத்தடியில் நின்றார். அழகாகத்தான் இருந்தார், பாவி.

வீரபத்திரன் இறங்கினான். கறுப்பு முகம், கோரைப்பல், சிவப்புப் பட்டு. கயிறு பிடித்தவர்களில் இருவர் பழைய சங்கம், இருவர் புதுச் சங்கம். வாத்தியார் அப்படித்தான் பார்த்து நிறுத்தியிருந்தார். பெரிய மூளை! பழைய சங்கத்து இருவரும் பொட்டல் நடுவில் வந்ததும் கயிற்றைப் பொத்தென்று விட்டார்கள். மற்ற இரண்டு பேரும் மண்ணில் குப்புற விழுந்தார்கள்.

முதல் அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் நெருப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. என் புருஷன் கையைத் தூக்கவில்லை. பெண்கள் எல்லோரும் குலவையிட்டார்கள். சாமி இந்த வருஷம் உக்கிரமாக வந்திருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது அடி தலையில். கிரீடம் கிழிந்து, பச்சைச் சாயத்தின் மேல் ரத்தம் இறங்கியது. மறுபடியும் குலவை.

"அடேய், அது சாமி இல்லடா! எங்கண்ணன்டா! கொல்றான்டா!" என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது? மூன்றாவது அடிக்குக் கட்டை மேலே போனது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. நெருப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை உருவிக்கொண்டு ஓடினேன். கொண்டை அவிழ்ந்து போயிற்று. ஓங்கிய அவன் கையில் ஒன்று போட்டேன். தண்டாயுதம் தெறித்து விழுந்தது. முகத்தில் ஒன்று. முதுகில் ஒன்று. பொறி பறந்தது. பட்டு தீய்ந்து நாறியது. சின்ன வயதிலிருந்து அவனிடம் வாங்கிய குட்டு, அப்பாவிடம் வாங்கிய உதை, மலையில் கங்காணியிடம் கேட்ட ஏச்சு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்தேன். என் உள்ளங்கை வெந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் ஒருத்தி அலறினாள்: "ஆத்தா வந்துட்டா!"

உடனே தப்பு அடி மாறியது. வீரபத்திரனுக்கு அடிக்கும் அடி நின்று, மாரியம்மனுக்கு அடிக்கும் அடி எழும்பியது. அடித்தவர்களை யாரும் மாற்றச் சொல்லவில்லை, அவர்கள் கை தானாகவே மாறிவிட்டது. தப்பு மாறினால் எங்கள் ஊரில் எல்லாம் மாறிவிடும். என் தலையில் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. யாரோ இடது கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். வாத்தியார் எதிரே வந்து இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கைகூப்பினார்.

"தாயே, பச்சப்புள்ளைங்க மேல கோவிச்சுக்காதே. என்ன குத்தம், சொல்லு தாயே."

இரண்டு நாளைக்கு முன் என்னைப் போ என்று சொன்ன அதே வாய்.

"அந்தக் கட்டயத் தூக்கிப் பாருடா!" என்றேன்.

குனிந்து எடுத்தார். எடுத்த கை அந்தக் கனத்தில் கீழே இறங்கியது. அவர் முகம் செத்துப் போயிற்று. யாரையும் பார்க்காமல் அதைக் கொண்டுபோய் நெருப்பில் போட்டார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"வீரபத்திரா, ஆத்தா முன்னால நிக்காத. விழுந்து கும்புடு."

அண்ணன் என்னைப் பார்த்தான். முகச் சாயம் பாதி கரிந்திருந்தது. அவன் கண்ணில் சாமியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் கண்ணிலும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஒரே வயிற்றில் பிறந்தவனுக்குத் தெரியாதா? ஆனால் அதை வாய் திறந்து சொன்னால் அவன் மேல் வந்ததும் சாமி இல்லை என்றாகும். பொட்டல் முழுக்க ஜனம். அவன் தடாலென்று என் காலடியில் விழுந்தான். நான் காலைத் தூக்கி அவன் தலையில் வைத்து அழுத்தினேன். குலவை வானத்தைப் பிளந்தது.

என் புருஷன் ஒற்றைக் கையை ஊன்றித் தவழ்ந்து வந்தார். ரத்தம் கண்ணை மறைத்திருந்தது.

"தாயே, காப்பாத்துன தாயே" என்று தேம்பினார்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. கூடவே கன்னத்தில் வாங்கியதும் ஞாபகம் வந்தது. முறியாத தோளில் கொள்ளிக்கட்டையால் அவருக்கும் ஒன்று வைத்தேன். பலமாகத்தான். அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். சாமி அடி, முறைப்பாடு கிடையாது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூத்தில் தடுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். எலும்பு கோணலாகத்தான் கூடியது. அடுத்த மாசிக்கு மதன் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு ஆடினார். வீரபத்திரன் முருக்கங்கட்டையோடு வந்து, பொட்டலில் இறங்குவதற்கு முன்னால் என் காலில் விழுந்துவிட்டுப் போனான். வாத்தியாரே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து என்னைக் கம்பத்தடியில் உட்கார வைத்திருந்தார். இடுப்பில் என் மகள்.

அதற்கு இடையில் ஒரு சம்பளநாளில் என் புருஷன் நன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். குழம்பில் உப்பில்லை என்று கையை ஓங்கினார். நான் அடுப்படியில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஓங்கிய கை மெல்ல இறங்கி, உப்புச் சட்டியைத் தேடி எடுத்தது. சாகும்வரை அந்தக் கை என் பக்கம் ஓங்கியதில்லை. ஆத்தாவுக்குப் பயந்தார். நானும் அந்தப் பயத்தைத் தெளிய வைக்கவில்லை, எதற்குத் தெளிய வைக்க வேண்டும்?

அவர் போவதற்குச் சில வருஷம் முன்னால், அம்மா செத்த வீட்டில், காரியமெல்லாம் முடிந்த பிறகு, அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இருவருக்கும் நரைத்துவிட்டது. அவன் தாடையில் அந்தத் தீத்தழும்பு இருந்தது, என் உள்ளங்கையிலும் ஒன்று. மற்ற யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்.

"அன்னைக்கு உனக்கு நெசமாவே ஆத்தா வந்துச்சா?"

"உனக்கு வீரபத்திரன் வந்தானா?"

அவன் கை தாடைத் தழும்புக்குப் போனது. என் புருஷன் கோணல் தோளோடு தேத்தண்ணி கொண்டுவந்து, எனக்கு முதலில் கொடுத்துவிட்டு, அவனுக்குக் கொடுத்தார்.