ஒரு வரி தள்ளி

என்னிடம் அடையாள அட்டைகள் இரண்டு. நீலப் பட்டையில் கம்பெனி அட்டை, சிவப்புப் பட்டையில் கல்லூரி அட்டை. செவ்வாய், புதன், வெள்ளி நீலம். திங்கள், வியாழன் சிவப்பு. மாற்றி மாட்டிக்கொண்டு போய் வாசல் காவலரிடம் அசடு வழிந்தது இந்த வருடத்தில் மட்டும் ஐந்து முறை.

வயது அறுபத்தேழு. கம்பெனி என்னை விடாமல் வைத்திருப்பதற்குத் திறமை காரணமில்லை. சரக்குக் கிடங்குகளில் எது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் பழைய மென்பொருள் ஒன்று அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் உள்ளே புகுந்து வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார், மிச்சம் நான். கல்லூரி அப்படியில்லை. அங்கே என்னை யாரும் தேடவில்லை. நானாகப் போய்க் கேட்டு வாங்கிய இடம். குரோம்பேட்டைப் பக்கம், கணினி அறிவியல் இரண்டாமாண்டு, ஒரே ஒரு வகுப்பு, அறுபத்து மூன்று பேர். "அறுபத்து மூவரையும் தரிசனம் பண்ணியாச்சா சார்?" என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள்.

எந்த இடத்திலும் நான் முழுதாக இருந்ததில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது சட்டைப் பையில் கம்பெனி கைபேசி அதிரும். கம்பெனிக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது திருத்தாத விடைத்தாள்கள் எத்தனை என்று விரலை மடக்கிக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. கம்பெனி என்னை வழியனுப்பினால் ஒரு வாரம் தூக்கம் கெடும். வகுப்பு போய்விட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே ஆரம்பித்ததில்லை. வகுப்பை எனக்குக் கொடுக்கும்போதே முதல்வர் சொல்லியிருந்தார்: "இண்டஸ்ட்ரி ஆளுங்க ரெண்டு செமஸ்டர் தாங்க மாட்டாங்க சார், பார்க்கலாம்." எனக்கு அது நான்காவது செமஸ்டர். ஐந்தாவதற்கு வேண்டுமா வேண்டாமா என்று அடுத்த வாரம் முடிவு செய்வதாக இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் உள்மதிப்பீட்டு மதிப்பெண்களைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்றவேண்டி வந்தது. ஐம்பதுக்கு எத்தனை என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போடவேண்டும். மற்ற ஆசிரியர்கள் கையால் தட்டுவார்கள். நான் ஒன்பது வரியில் ஒரு நிரல் எழுதினேன். பெயர்ப் பட்டியலையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்தால் அதுவே பொருத்தி ஏற்றிவிடும். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓடவிட்டேன். இரண்டு விநாடி. தளம் பச்சை நிறத்தில் நன்றி சொன்னது. எனக்கு உள்ளூர ஒரு பெருமை, ஒளிப்பானேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் இருந்தேன். கிடங்கு மென்பொருளின் புதுப் பதிப்பு அன்று நான்கு மணிக்கு வெளியாக வேண்டும். பதினொன்றே காலுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி.

"சார், நான் டெஸ்ட் எழுதினேன் சார். எனக்கு சைபர் போட்டிருக்கு. கொஞ்சம் செக் பண்ணுங்க சார் ப்ளீஸ்."

கோவளம் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிற பெண். டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவள். அப்படிச் சேர்பவர்களுக்கு வரிசை எண் கடைசியில்தான் வரும். அவள் அறுபத்து மூன்றாவது. விடைத்தாளில் நான் போட்டது நாற்பத்தொன்று. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

நிரலைத் திறந்து பார்த்தேன். பெயர்ப் பட்டியலில் முதல் வரி தலைப்பு. மதிப்பெண் பட்டியலில் நான் தலைப்பே போடவில்லை. நிரலோ இரண்டிலும் முதல் வரியைத் தலைப்பென்று எடுத்துத் தள்ளியிருந்தது. முதல் பையனின் மதிப்பெண் காற்றில் போயிற்று. இரண்டாமவனுடையது முதலாமவனுக்கு, மூன்றாமவனுடையது இரண்டாமவனுக்கு என்று வகுப்பு முழுக்க ஒரு வரி மேலே ஏறிவிட்டது. கடைசியில் நின்ற பெண்ணுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. கிடங்கில் உள்ள அட்டைப்பெட்டிகளுக்கு இப்படி நடந்திருந்தால் அரை மணியில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இங்கே ஒன்றரை நாள் ஆகியும் மற்ற அறுபத்திரண்டு பேரும் தங்களுக்கு வந்தது தங்களுடையதுதான் என்று நம்பியிருந்தார்கள்.

எண்ணினேன். அந்தப் பெண்ணைத் தவிர்த்து, வரவேண்டியதைவிட அதிகம் வாங்கியவர்கள் இருபத்தொன்பது. குறைந்தவர்கள் இருபத்தேழு. பக்கத்துப் பெயரும் அதே மதிப்பெண் வாங்கியிருந்ததால் தப்பித்தவர்கள் ஆறு. இருபத்தைந்துக்குக் கீழே போனால் மறுதேர்வு. அப்படி அநியாயமாகக் கீழே போனவர்கள் நான்கு பேர், அநியாயமாக மேலே ஏறியவர்கள் மூன்று பேர். இரண்டாம் முறை எண்ணினேன். அதேதான்.

தளத்தை அன்று மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு போட்டது போட்டதுதான். ஏற்றியதைத் திருத்த வேண்டுமானால் துறைத் தலைவர் தன் கணக்கிலிருந்து திறந்துவிட வேண்டும், அதற்கு ஒரு விளக்கக் கடிதம் வேண்டும்.

மேலாளரிடம் போய் நின்றேன். என் மகளைவிடச் சின்னவள்.

"சார், நாலு மணிக்கு ரிலீஸ். நீங்க இல்லாம எப்படி?"

"போன்ல இருப்பேன்மா."

"போன்ல இருக்கறதா? போன வாரம் மூணு தடவை கூப்பிட்டேன், கிளாஸ்ல இருக்கேன்னு மெசேஜ் போட்டீங்க."

நான்கு தடவை. திருத்தாமல் கிளம்பினேன்.

பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை. மூன்றாவது நிறுத்தம். தாம்பரத்தில் மட்டும் ஏழு நிமிடம் நின்றது. ஒரு தடவை இறங்கி, நடைமேடையில் நாலு அடி நடந்து, கதவு மூடாத ரயிலில் கதவு மூடிவிடுமோ என்று பயந்து மறுபடி ஏறினேன். குரோம்பேட்டையில் வழக்கமாக வரும் ஷேர் ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், வெள்ளிக்கெழமல வந்துகினு கீறே? உனுக்கு மண்டே, தர்ஸ்டேதானே?"

"அவசரம்பா. சீக்கிரம் எடு."

"எடுக்கறேன் சார். ரோடு என் வூட்டு ரோடா? முன்னால பஸ்ஸு கீது பாரு."

துறைத் தலைவர் என்னைவிட இருபது வயது இளையவர், நல்ல மனிதர். நான் சொல்லச் சொல்ல முகம் சுருங்கியது. பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் மாத்திடலாம் சார். ஒரு கையெழுத்து, முடிஞ்சுது."

"மத்தவங்க?"

"அறுபத்திரண்டு பேர் வாயே திறக்கல. நாமளா ஏன் சார் தோண்டணும்? மொத்த வகுப்பும் மாத்தினா பிரின்சிபல் டேபிளுக்குப் போகும். அடுத்த வாரம் உங்க பேரு அங்கதான் போகப்போகுது, தெரியும்ல?"

தெரியும். அவர் எனக்கு நல்லதைத்தான் சொன்னார். அது எனக்குப் பிடித்தும் இருந்தது, அதுதான் வேதனை. அறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். கம்பெனி கைபேசி மேசைமேல் அதிர்ந்தபடியே நகர்ந்தது. கம்பெனியில் தப்பு நடந்தால் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எப்படி நடந்தது என்று எழுதுவோம். யார் செய்தது என்று எழுத மாட்டோம். சாப்பாட்டு நேரத்துக்குள் மறந்துவிடுவோம். நாற்பது வருடத்தில் அப்படி எத்தனையோ தாள்களில் என் தப்புகள் பெயரில்லாமல் கிடக்கின்றன. இங்கே கோப்பில் என் பெயர் இருக்கும்.

நான்கு பேர், என்றேன் அவரிடம். நான்கு பேர் பாஸ் பண்ணிவிட்டு மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் விளக்கக் கடிதத்துக்கு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "சரி. 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு எழுதிடுங்க சார். அது போதும்."

"கோளாறு ஒண்ணுமில்ல சார். நான்தான்."

"அப்படியே எழுதப் போறீங்களா?"

அப்படியே எழுதினேன். பதினோரு வரி. நான்கு நாற்பதுக்கு அவர் திறந்துவிட்டார். அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகக் கையால் தட்டினேன். நான்கு ஐம்பத்தாறுக்கு முடிந்தது. பிறகுதான் கைபேசியைப் பார்த்தேன். பதினான்கு அழைப்புகள், கடைசியாக ஒரு செய்தி: புதுப் பதிப்பு நல்லபடியாக வெளியாகிவிட்டது. நான் இல்லாமல். அதையும் நினைத்துக்கொண்டு தாம்பரம்வரை நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும்.

திங்கள்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். கரும்பலகையில் இரண்டு பட்டியலும் வரைந்து, எந்த வரியில் தப்பு செய்தேன் என்று காட்டினேன். பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல்:

"சார், ஒன்பது மார்க் எக்ஸ்ட்ரா வந்துச்சுன்னு எங்கம்மா பிரியாணி பண்ணிட்டாங்க சார். அதை எப்படி சார் ரிட்டர்ன் பண்றது?"

"மச்சான், அந்த பிரியாணி என்னுதுடா!" என்றான் அவனுக்கு அடுத்த எண்.

வகுப்பு கலகலத்தது. கோவளத்துப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேலே ஏறி இறங்கிய மூன்று பேரில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய உண்மையான மதிப்பெண் இருபத்திரண்டு. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் நோட்டைத் திறந்து எதையோ எழுத ஆரம்பித்தான். அன்று மிச்சப் பாடத்தை எப்படி நடத்தினேன் என்று தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் முதல்வரின் முடிவு வந்தது. ஐந்தாவது செமஸ்டர் எனக்கு உண்டு. ஒரு நிபந்தனை: நான் போடும் மதிப்பெண்களை நிரந்தர ஆசிரியர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். கம்பெனியில் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் படித்த பிறகே உள்ளே விடுகிறார்கள். அங்கே அது எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. இங்கே அந்த உத்தரவை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது காது சுட்டது.

போன மாதம் புதிய வகுப்பின் முதல் பட்டியலைக் கொண்டுபோய்ப் பக்கத்து மேசை உதவிப் பேராசிரியையிடம் கொடுத்தேன். அவர் விடைத்தாள்களை ஒரு பக்கமும் பட்டியலை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வந்தார். நான் ஜன்னலுக்குப் போனேன், தண்ணீர் கேனுக்குப் போனேன், திரும்பி வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"சார், கொஞ்சம் உட்காருங்களேன். நீங்க நின்னா எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகுது."

உட்கார்ந்தேன். கடைசி வரிக்கு வந்து பென்சிலைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். ஐம்பத்தொன்பது."

"ஐம்பத்தொன்பதா? அறுபதுல்ல?"

"ஒரு பையன் போன வாரம் வேற காலேஜ் மாறிட்டான் சார். நீங்களே அடிச்சிருக்கீங்க பாருங்க."

அடித்திருந்தேன். என் பேனாதான், என் சுருக்கொப்பம்தான்.

"சைன் பண்ணிடவா சார்?"

"இன்னொரு தடவை எண்ணிடுங்கம்மா," என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி முதல் வரியில் பென்சிலை வைத்தார்.