மாமாவுக்குத் தெரிந்த மூன்று சைகைகள்

தெருவில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களுக்கு அது கேலி, அவளுக்கோ உத்தியோகம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. ஆகவே மூன்று பேர் இருக்கும் வீட்டில் பேசுகிற வாய் அவளுடையது மட்டுமே. நாலு வயதில், சிலிண்டர் கசிகிறது என்று கேஸ்காரரிடம் சொன்னதில் தொடங்கிய வேலை. பதினைந்து வயதுக்குள் வங்கி மேலாளர், வீட்டுக்காரர், பல் டாக்டர் என்று அவள் மொழிபெயர்க்காத ஆள் இல்லை.

ஒன்பது வயதில் ஒருமுறை வகுப்பாசிரியை அம்மாவை வரவழைத்து, "உங்க பொண்ணு ஓயாம பேசுறா" என்று புகார் சொன்னார். அந்தப் புகாரையும் அவளேதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நான் நன்றாகப் படிக்கிறேனாம் என்று கைகளால் சொல்லிவைத்தாள். அம்மா ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். அதோடு நான்கு நாள் பேச்சு நின்றது. அம்மா கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாலு அடி வாங்கியிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து கையால் பொய் சொல்வதை வாயாடி விட்டுவிட்டாள். வாயால் சொல்வது வேறு கணக்கு.

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை, அதாவது காஜா, எடுப்பவள். "இந்த மெஷின் சத்தத்துல நீதான் குடுத்து வச்சவ" என்று அங்கே மேற்பார்வையாளர் சிரிப்பாராம். அதை உதட்டசைவில் பிடித்துக்கொண்டு வந்து, வயிற்றை முன்னே தள்ளி, இல்லாத மீசையைத் தடவி, அவரைப் போலவே அம்மா நடித்துக் காட்டுவாள். அப்பா சிரித்துப் புரையேறுவார். இப்படிப்பட்டவளைத்தான் மாமா விவரமில்லாதவள் என்பார்.

மாமா அம்மாவின் அண்ணன். மருந்துக் கம்பெனிக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் காத்திருப்பது அவர் வேலை. காத்திருந்து காத்திருந்து தாமும் பாதி டாக்டராகிவிட்டதாக நினைப்பு. உடன்பிறந்த தங்கையோடு பேச நாற்பது வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட சைகைகள் மூன்று: வா, சாப்பிடு, கையெழுத்துப் போடு. வளர்க்கும் நாயிடம்கூட மனிதர்கள் இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்கள்.

அம்மாவுக்கு மாதக்கணக்கில் உதிரப்போக்கு நிற்கவில்லை. மாமா தனக்குத் தெரிந்த டாக்டரிடம் நேரம் வாங்கினார். அப்பாவுக்கு அச்சகத்தில் விடுப்பு கிடைக்காததால் மாமா, அம்மா, வாயாடி மூவரும் போனார்கள். டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னார்.

"கட்டி பெருசா இருக்கு. கர்ப்பப்பைய எடுத்துடலாம். வர்ற வெள்ளிக்கிழமை."

"எடுத்துடலாம் சார்" என்றார் மாமா. தன்னுடையதையே தூக்கிக் கொடுப்பவர் போன்ற தாராளம்.

அம்மா மகளின் சட்டைக் கையை இழுத்தாள். என்ன சொல்கிறார்?

"வயித்துல சின்னப் புண்ணு, சுத்தம் பண்ணப் போறாங்கன்னு சொல்லு" என்றார் மாமா.

"ஏன் மாமா?"

"அவளுக்கு இதெல்லாம் புரியாதும்மா. பயந்துடுவா. இப்போதைக்குக் கையெழுத்து வாங்கிட்டா போதும்."

டாக்டர் படிவத்தையும் மூடி திறந்த பேனாவையும் அம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இரண்டு ஆண்களின் எதிரில் வாயாடி அம்மாவிடம் இதைக் கையால் வரைந்து காட்ட வேண்டும். மாமா சொன்னது ஒரு நொடி வசதியாகக்கூடத் தோன்றியது. புண், சுத்தம், வெள்ளிக்கிழமை, முடிந்தது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கைகளைத் தூக்கினாள். கட்டி, கர்ப்பப்பை, எடுத்துவிடுவது, எல்லாம் சொன்னாள். புண் என்று சொல்லச் சொன்னதையும், உனக்குப் புரியாதாம் என்பதையும் விடவில்லை.

அம்மாவின் முகம் வெளுத்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது. பிறகு பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டுச் சைகை செய்தாள்.

"அம்மா கேக்குறாங்க, டாக்டர் ஏன் என்னைப் பாக்காம எங்கண்ணனைப் பாக்குறாரு? கட்டி எனக்கா, அவருக்கா?"

"ஏய் வாயாடி! நீயா சேத்துச் சொல்லாத!"

"நான் சேத்தா இதைவிட மோசமா இருக்கும் மாமா."

அம்மாவின் கைகள் நிற்கவில்லை. இது புற்றுநோயா? இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை என்றார் டாக்டர், இப்போது அம்மாவைப் பார்த்து. அப்படியானால் வெள்ளிக்கிழமை எதற்கு? அன்றைக்குத்தான் ஆபரேஷன் தியேட்டர் காலியாம். அதைச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது. மாமா கூரையிலிருந்த மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அம்மா மகளின் கைகளைப் பிடித்தாள். பிறகு அவற்றை விட்டுவிட்டுச் சைகை செய்தாள். என் வயிற்றுச் சேதியைச் சுமக்க உனக்கு வயது போதாது, இனி வேண்டாம் என்றாள். அப்போதுதான் வாயாடி அழுதாள். பேருந்து நிறுத்தத்தில், நாலு பேர் பார்க்க, மூக்கு ஒழுக அழுதாள்.

சோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனால் உதிரப்போக்கு நிற்கவில்லை. யோசித்து, அப்பாவோடு இரண்டு முறை சண்டை போட்டு, ஆபரேஷனுக்கு அம்மாவே தேதி குறித்தாள், மகளின் பரீட்சை முடிந்த மறுநாள். டாக்டரிடம் பேச, காது கேளாதோர் சங்கத்திலிருந்து சைகைமொழி தெரிந்த ஒரு அக்காவை அழைத்துக்கொண்டாள்.

அவர்கள் உள்ளே பேசும்போது வாயாடி வெளியே பெஞ்சில் இருந்தாள். தன் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டதுபோல் முதலில் எரிச்சல். பிறகு, செய்ய ஒன்றுமில்லை என்பது மெல்லப் பிடிபட்டது. கால்களை நீட்டிக்கொண்டாள். வராந்தாவில் எதிர்ப்பட்ட நர்ஸிடமெல்லாம், "எல்லாம் நான் பாத்துப் பண்ணதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்த மாமா பக்கத்தில் வந்தார்.

"உள்ள என்ன பேசுறாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள்.