நான்காவது மூலை

எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எதுவாக இருந்தாலும் அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் இருக்கும். வீடு வாங்கிய பத்திரம், காரின் உரிமைப் பத்திரமான கிராண்ட், மகளின் எஸ்பிஎம் பரீட்சை முடிவு, எல்லாமே ஒரு நாள் சாமி மேடையில் இருந்து, மூலைக்கு ஒரு பொட்டு மஞ்சளும் அதன் மேல் துளி குங்குமமும் வாங்கிக்கொண்டுதான் அலமாரிக்குப் போகும். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிறோமே, அதைவிட இது எந்த விதத்தில் குறைந்தது என்று நானாக ஆரம்பித்த பழக்கம். "உங்க ஃபைலைத் தொறந்தா சாம்பார் வாசம் வருது," என்பாள் என் மனைவி.

நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோடு படிப்பை விட்டவன். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, பக்கத்திலேயே பண்டமாரானில் குடும்பம் நடத்துகிறேன். காகிதத்தில் எழுதியிருப்பது எனக்கு முழுதாகப் புரியாது. அதனால் அதைக் கடவுளிடம் ஒருமுறை காட்டிவிட்டு வைத்தால் ஒரு தைரியம். அவ்வளவுதான்.

அந்த மஞ்சள்தான் என் மகளின் நான்கு வருடப் படிப்பைக் கவிழ்க்கப் பார்த்தது.

எங்களுக்கு ஒரே மகள். முதுகலைப் படிப்பை இரண்டு வருடத்தில் முடித்திருக்க வேண்டியவள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டே படித்ததால் நான்கு வருடம் இழுத்துவிட்டது. நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. எழுதிக் கொடுப்பாள், சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வரும். மறுபடி எழுதுவாள். அவளுக்கு மேற்பார்வையாளர் ஒரு மலாய் அம்மையார். 'டாக்டர்' என்றுதான் மகள் கூப்பிடுவாள். கடைசியில் அந்த டாக்டரே, "போதும், முடிஞ்சது," என்று சொல்லிவிட்டார்.

படித்து முடித்தால் பட்டம் தானாக வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பட்டம் வேண்டும் என்று நாமே விண்ணப்பப் பாரம் கொடுக்க வேண்டுமாம்.

"சாப்பிட்டு முடிச்சிட்டு பில்லு கேக்குற மாதிரியா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. இவ்ளோ நாளா சமைக்கத்தான் செஞ்சேன். இப்பதான் தட்டை நீட்டுறேன்," என்றாள்.

பாரத்தில் மூன்று கையெழுத்து வேண்டும். டாக்டருடையது, துறைத் தலைவருடையது, பாக்கிப் புத்தகம் எதுவும் இல்லை என்று நூலகத்தினுடையது. கடைசிக் கையெழுத்து வியாழக்கிழமை சாயங்காலம்தான் கிடைத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு கவுண்டர் மூடிவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த பட்டமளிப்புக்குத்தான். கல்லூரியிலோ, இந்த மாதத்துக்குள் பட்டம் உறுதி என்ற பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டினால் நிரந்தர வேலை, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்ததும் பாரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, "சாமிகிட்ட வச்சிருக்கேன்பா," என்றாள். அவளும் என் மகள்தானே. ஆனால் உறையோடு வைத்தாள். அதில் இருந்த சேதி எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, விளக்கேற்றி, மஞ்சளைக் குழைத்தேன். அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. உறையிலிருந்து பாரத்தை எடுத்து மேல் மூலை இரண்டிலும் வைத்தேன். கீழே இடது பக்கம் வைத்தேன். நான்காவது மூலையில் வைத்தபோது விரலிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஓடியது. அது ஓடிய இடத்தில்தான் டாக்டரின் கையெழுத்து. அந்த அம்மையார் மை ஊற்றி எழுதும் பேனா வைத்திருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நீல மை கலங்கி, மஞ்சளோடு சேர்ந்து பச்சையாகிப் பரவியது. பதறிப் போய் வேட்டி நுனியால் ஒற்றினேன். ஒற்றியதில் பாதிக் கையெழுத்து வேட்டிக்கு வந்துவிட்டது.

காகிதத்தை விளக்குச் சூட்டில் காட்டிக் காய வைக்கப் பார்த்தேன். 

மகள் வந்து பார்த்தாள். கத்தவில்லை. "ஏன்பா உறையிலேருந்து எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்கும் சேர்த்து என் மனைவிதான் பேசினாள். "சாமி வந்து கேட்டுச்சா, எனக்கு மஞ்சள் வை, எனக்கு மஞ்சள் வைன்னு? பேசாம விழுந்து கும்பிட்டா பத்தாதா உங்களுக்கு?"

 

ஒன்பது மணிக்கு மகள் பல்கலைக்கழகக் கவுண்டருக்குப் போன் செய்தாள். கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும், கெட்டுப்போயிருந்தால் பக்கத்தில் அதே ஆள் மறுபடி கையெழுத்துப் போட்டு, சாப், அதாவது ரப்பர் முத்திரை, அடிக்க வேண்டும், மின்னஞ்சலில் அனுப்புவது செல்லாது என்றார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் மதியத் தொழுகைக்குக் கவுண்டர் மூடி, மூன்று மணி வாக்கில்தான் திறக்குமாம்.

சரி, டாக்டரிடம் போகலாம் என்றால், அவர் அன்றைக்கு உம்ராவுக்கு மெக்கா கிளம்புகிறார். திரும்பி வர இரண்டு வாரம். மகள் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. நான் வாசலுக்கும் சாமி அறைக்கும் நடந்தேன். செய்த பூஜையே குற்றமாகிவிட்டதோ, இத்தனை வருடமாக நான் வைத்த மஞ்சளெல்லாம் சாமிக்குத் தொந்தரவாகத்தான் இருந்ததோ என்று என்னென்னவோ ஓடியது. நடராஜர் படத்தை நிமிர்ந்து பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

பத்தரைக்கு டாக்டரே திருப்பி அழைத்தார். செமினியில் வீடு, எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். விருந்தாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள், ஒன்றரைக்கு வேன் வந்துவிடும், அதற்குள் வந்தால் போட்டுத் தருகிறேன் என்றார்.

சாவியை எடுத்தேன். அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பத்தரை. ராகு காலம் தொடங்கும் நேரம். பன்னிரண்டு வரைக்கும் இருக்கிறது. கல்யாணம் கட்டியதிலிருந்து ராகு காலத்தில் நான் எந்த நல்ல காரியத்துக்கும் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. ஓவர்டைம் வேலையைக்கூட வேண்டாமென்றிருக்கிறேன். மனைவியும் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். போய்க் கேட்டைத் திறந்துவிட்டாள்.

ஹைவேயில் கொள்கலன் லோரிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. பாரம் மகள் மடியில், உறைக்குள். வாய்க்குள்ளேயே சிவாய நம சொல்லிக்கொண்டு ஓட்டினேன். பாதி வழியில் தாங்க முடியவில்லை.

"என்னை நல்லா திட்டிடும்மா," என்றேன்.

"திட்ட நேரமில்லப்பா. முதல்ல அந்த லோரிய முந்துங்க."

செமினியில் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. வாசலில் பந்தல். செருப்புகள் குவிந்து கிடந்தன. பயணம் போகிறவர்களுக்காக எல்லோரும் கூடித் தொழுது, சாப்பிடும் கெண்டூரி. மூன்று பெரிய பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. நெற்றி நிறைய திருநீறும் விரலில் போகாத மஞ்சள் கறையுமாக நான் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டேன். வெள்ளை உடையில் ஒரு அம்மையார் வேகமாக வந்து, "மாசுக், மாசுக், பாக்சிக்," என்று மலாயில் மாமா முறை சொல்லி உள்ளே கூப்பிட்டார். அவர்தான் டாக்டர்.

பாரத்தை வாங்கிப் பார்த்து, "இது என்ன ஆச்சு?" என்று மலாயில் கேட்டார்.

"தண்ணி கொட்டிடுச்சு, டாக்டர்," என்றாள் மகள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் சாமி பேரால் செய்ததைத் தண்ணீர் பேரில் போட எனக்கு மனம் வரவில்லை.

"தண்ணி இல்லம்மா. நான்தான் மஞ்சள் வச்சேன். எங்க சாமிகிட்ட," என்று டாக்டரிடம் மலாயில் சொன்னேன். துறைமுகத்தில் பேசிப் பேசி மலாய் நன்றாக வரும். அன்றைக்கு வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது.

"எதுக்கு?"

"நல்லபடியா போய்ச் சேரட்டும்னு."

அவர் மறுபடியும் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார். "நானும் அதுக்குத்தான் இத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கேன்," என்றார்.

கையெழுத்தைப் போட்டுவிட்டார், இந்த முறை பால்பாயிண்ட் பேனாவில். ஆனால் சாப்? கைப்பையைத் தேடினார். இல்லை. இன்னொரு பையைக் கொட்டினார். அதிலும் இல்லை. அவர் வீட்டுக்காரர் கையில் மணியைப் பார்த்துக்கொண்டே பூட்டிய பெட்டி ஒன்றைத் திறந்தார். மடித்து வைத்த வெள்ளைத் துணியெல்லாம் தரைக்கு வந்தது. புண்ணிய யாத்திரைக்குக் கட்டிய பெட்டியை என்னால் பிரிக்க வைத்துவிட்டேனே என்று எனக்கு உடம்பு கூசியது. மகள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் ஒருவர் போய், காரின் முன் டிராயரில் இருந்து ஒரு சின்னச் சாப்பை எடுத்து வந்தார். அது காகிதத்தில் பதிந்த சத்தம் எனக்கு மட்டும் கோயில் மணி மாதிரி கேட்டது.

சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்கள். வெள்ளிக்கிழமை சைவம் என்றதும் ஒரு பொட்டலம் குவே பலகாரம் கட்டிக் கொடுத்தார்கள். அங்கிருந்து கிளம்பும்போது மணி ஒன்றரை. மழையும் நெரிசலுமாகக் கோலாலம்பூருக்குள் நகர்ந்து போனபோது அதைத்தான் ஆளுக்கு ஒன்றாகத் தின்றோம். காலையிலிருந்து இருவர் வயிற்றிலும் ஒன்றுமில்லை.

பல்கலைக்கழகத்தில் கார் நிறுத்த இடம் தேடி, நனைந்து, கவுண்டருக்கு முன் நின்றபோது நான்கு முப்பத்தைந்து. எங்களுக்கு முன்னால் ஆறு பேர். எங்கள் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பாரத்தை உறையிலிருந்து உருவினார். ஒரு மூலையை நகத்தால் சுரண்டினார். பிறகு மற்ற மூலைகளைப் பார்த்தார்.

"கறி சாப்பிட்டுக்கிட்டே எழுதினதா?"

"இல்லக்கா. எங்கப்பா கும்பிட்டது," என்றாள் மகள்.

அவர் சிரிக்கவில்லை. பாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. கெட்டுப்போன கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் என் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது அப்படித்தான் பிடிப்பாள். இந்தப் பிள்ளைக்கு இது சேர்ந்துவிட்டால் போதும், இனி எந்தக் காகிதத்தையும் தொடமாட்டேன் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

நான்கு ஐம்பதுக்கு அந்தப் பெண் திரும்பி வந்து, வரவுச் சாப் அடித்து, கிழித்த ரசீதை நீட்டினார். "அடுத்த ஆள்."

அதோடு பயம் போய்விடவில்லை. ஏற்றுக்கொண்டார்கள் என்ற கடிதம் வர வேண்டுமே. தினமும் வேலையிலிருந்து வந்ததும், "வந்துச்சாம்மா?" என்று கேட்பேன். "வரலப்பா," என்பாள். நான்கைந்து நாள் போன பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன், அவள் முகத்தைப் பார்ப்பதோடு சரி. மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அவள் போனில் மின்னஞ்சல் வந்தது. கடிதம் அதில்தான் இருந்தது. படித்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் வரும்போது அச்செடுத்த இரண்டு கடிதம் கையில் இருந்தது. ஒன்றை என்னிடம் கொடுத்தாள்.

"காலேஜ்ல ஒண்ணு கொடுத்துட்டேன்பா. வேலை நிச்சயம்னு சொல்லிட்டாங்க. இது என்னோடது, இதைத் தொடக்கூடாது. அது உங்களோடது. சாமிகிட்ட வைங்க."

"வேண்டாம்மா. இனி தொடமாட்டேன்னு வேண்டிக்கிட்டேன்."

"அதை நான் சொல்லிக்கிறேன் சாமிகிட்ட. வைங்கப்பா."

 இந்த முறை மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்தேன். மேல் மூலை இரண்டிலும் வைத்தேன். கீழே இடது பக்கம் வைத்தேன். வலது பக்கத்தில் யாருடையதோ கையெழுத்து அச்சாகியிருந்தது. விரலை எடுத்துக்கொண்டேன்.

பின்னால் நின்ற மனைவி, "நாலாவது மூலை?" என்றாள்.

"அங்க கையெழுத்து இருக்கு."

"காப்பிதானே அது?"

"காப்பின்னாலும்," என்றேன்.