எல்லைக்கல்லுக்கு உள்ளே ஓர் ஆட்டம்

இருபத்து நாலு வயது வரைக்கும் வேம்புலி கால்பந்தைக் கண்ணால் கண்டதில்லை. வெள்ளானூர்ச் சேரியில் பிறந்து, பத்து வயதில் முதலியார் வீட்டுப் பண்ணைக்குப் போனவன் அவன். ஏர் ஓட்டுவது, அண்டை வெட்டுவது, ஏற்றம் மிதிப்பது என்று காலமெல்லாம் காலுக்குத்தான் வேலை. செருப்புப் போட்டு அந்தக் கால் அறியாது.

யுத்தம் வந்தபோது ஆவடியைச் சுற்றியிருந்த நிலங்களைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. வெள்ளானூரின் கிழக்குப் பக்கத்து வயல்கள் முள்கம்பிக்கு உள்ளே போயின. நிலம் போனபிறகு முதலியாருக்குப் பண்ணையாள் வேண்டியிருக்கவில்லை. பட்டாளம் அங்கே கட்டிய சாமான் டிப்போவில் வேம்புலி கூலியாகச் சேர்ந்தான். தான் உழுத மண்ணையே மண்வெட்டியால் மட்டம் தட்டி, தகரக் கொட்டகைகளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தான். அப்படி மட்டம் தட்டியதில் ஒரு பகுதியைப் பட்டாளத்தார் விளையாட்டு மைதானமாக வைத்துக்கொண்டார்கள்.

1943ஆம் வருஷக் கடைசியில் இத்தாலியக் கைதிகள் ஒரு ரயில் நிறைய வந்து இறங்கினார்கள். அவர்கள் நாடு அதற்குள் யுத்தத்தில் சரணடைந்துவிட்டதால் காவல் தளர்ந்திருந்தது. பகலில் மர வேலையும் கொத்து வேலையும் செய்தார்கள். மாலையானால் மைதானத்தில் பந்து உதைத்தார்கள். 1934, 38 இரண்டு தடவையும் உலகக் கோப்பையை வென்றது அவர்கள் நாடுதான் என்று டிப்போ லாரி ஓட்டும் பூந்தமல்லி அப்துல் வகாபு எங்கோ கேட்டுவந்து சொன்னார். அந்தச் சேதி கொரட்டூர் வரை போய்த் திரும்புவதற்குள், ஆவடியில் பந்து உதைக்கிறவர்களே கோப்பையை வாங்கிய ஆட்கள் என்று ஆகிவிட்டது.

அவர்களில் ஆல்தோ என்பவன் நன்றாக ஆடுவான். மூன்று வருஷம் வடக்கே முகாம்களில் இருந்ததில் உடைந்த இந்துஸ்தானி பேசக் கற்றிருந்தான். வகாபு உருது பேசுகிறவர். அவர் ஒரு நாள் அவனையே நேரில் கேட்டுவிட்டார். ஆல்தோ வெகுநேரம் சிரித்தான். தான் ஜெனோவா என்ற துறைமுக ஊரில் ரொட்டி சுடுகிறவன் என்றும், ரோமாபுரியில் நடந்த இறுதி ஆட்டத்தைக் கூட்டத்தில் நின்று பார்த்தது மட்டும் உண்மை என்றும் சொன்னான். வகாபு இதை எல்லோரிடமும் சொன்னார். யாரும் நம்பவில்லை.

வேம்புலி ஆட்டத்துக்கு வந்தது தற்செயலாகத்தான். ஒரு மாலை மைதானத்தின் ஓரமாகத் தோளில் மரச்சட்டம் சுமந்து போய்க்கொண்டிருந்தான். பந்து வேகமாக அவனை நோக்கி வந்தது. சட்டத்தை இறக்காமல், நடையையும் நிறுத்தாமல், உள்ளங்காலால் பந்தை அப்படியே மண்ணோடு அழுத்தி நிறுத்தினான். ஆல்தோ ஓடிவந்து பந்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் அவனையும் ஆடக் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்தில், அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது சிரமம் என்று கைதிகளே சொல்லும்படி ஆயிற்று.

டிப்போ துரை இதைக் கவனித்தார். தொழிலாளிகளில் பதினொரு பேரைச் சேர்த்துக் கைதிகளோடு ஓர் ஆட்டம் வைக்கலாம் என்றார். ஆகஸ்டு பதினெட்டாம் தேதி அவருக்கு மாற்றல். அதற்கு முன் நடக்கவேண்டும். நாள் பார்க்கும் பொறுப்பு தலைமைக் குமாஸ்தா ஜம்புலிங்கத்துக்கு வந்தது. திருமுல்லைவாயில்காரர், பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்.

துரை முதலில் சொன்னது பதினைந்தாம் தேதி. அன்று மாதாவின் விண்ணேற்பு நாள், பந்தைத் தொடமாட்டோம் என்று கைதிகள் சொல்லிவிட்டார்கள். கோல் காக்கிற மரியதாஸும் அன்று கோயிலுக்குப் போகவேண்டியவன்தான். மாற்றலைப் பத்து நாள் தள்ளி வைத்தால் ரம்ஜான் நோன்பு. வகாபோடு இன்னும் இரண்டு பேர் ஆடமுடியாது. நடுவில் பிள்ளையார் சதுர்த்தி. இந்த நாட்டில் எந்தச் சாமிக்கும் வேலையில்லாத நாள் ஒன்றாவது உண்டா என்று துரை கேட்டதாக ஜம்புலிங்கம் பிறகு சொல்லிச் சிரித்தார். கடைசியில் ஆகஸ்டு பன்னிரண்டு, சனிக்கிழமை என்று முடிவானது. அந்த நாளில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

வேம்புலிக்கு இருந்தது. அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் வாய் திறக்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி ஆடிக் கடைசி ஞாயிறு. சேரி மாரியம்மனுக்குத் தீமிதி. போன வருஷம் அவன் மகள் குப்பம்மாவுக்கு அம்மை வார்த்துப் பதினோரு நாள் கண் திறக்கவில்லை. பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தான். குழந்தை பிழைத்தது. ஒரு வாரத்துக்கு முன்னதாக மஞ்சள் துணியில் காப்புக் கட்டவேண்டும். கட்டியபின் ஒரு வேளை சாப்பாடு, பாயில் படுக்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதற்காக டிப்போவில் ஒரு வாரம் லீவு சொல்லியிருந்தான்.

காப்புக் கட்ட ஒரு நாள் இருக்கும்போதுதான் மனைவி அங்கம்மாவிடம் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னான். போகப்போவதில்லை என்றும் அவனே சொன்னான். அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு, எந்த இடத்தில் ஆட்டம் என்றாள். சொன்னான்.

"அது நம்ம கெழக்கு கயினி தானே? எல்லைக்கல்லு அதுக்கும் அந்தாண்ட கீது. தண்ணித் தொட்டி கட்டிக்கீறாங்களே, அதன் அடியிலே. ரெண்டு போகம் அங்க நாத்து நட்டுக்கீறேன், எனுக்குத் தெரியாதா?"

இருவரும் பூசாரி துலுக்கானத்திடம் போனார்கள். கம்பி போட்டால் எல்லை மாறிவிடுமா என்பது கேள்வி. துலுக்கானம் வெற்றிலை போட்டுக்கொண்டு யோசித்தார். கம்பியைப் போட்டவன் பட்டாளத்தான், கல்லை நட்டவர்கள் ஊர்க்காரர்கள். அம்மனுக்குத் தெரிந்தது கல்தான் என்றார். ஆனால் டிப்போ பெரிய கேட்டு எல்லைக்கு வெளியே இருந்தது. அந்த வழியாகப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே வேம்புலி ஜம்புலிங்கத்தின் மேஜைக்கு எதிரே எட்டி நின்று விஷயத்தைச் சொன்னான். ஜம்புலிங்கம் முதலில் எரிச்சல்பட்டார். எல்லோருக்கும் நாள் பார்த்தபோது இதை ஏன் சொல்லவில்லை என்றார்.

"நீங்க என்னெ கேக்கலியே, ஐயா."

அவர் பேனாவைத் துடைத்து மூடி வைத்தார். பிறகு எழுந்துபோய்க் காவல்காரனிடம் பேசி, சேரிப் பக்கம் பூட்டிக் கிடந்த கம்பிக் கதவைச் சனிக்கிழமை மதியம் திறந்துவைக்க ஏற்பாடு செய்தார்.

ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டம் திருவிழாக் கூட்டம்போல் இருந்தது. உலகத்தை ஜெயித்தவர்களைப் பார்க்கவென்று கொரட்டூரிலிருந்து நடந்தே வந்தவர்கள் உண்டு. சேரிச் சனங்கள் கம்பிக்கு வெளியே நின்றார்கள். அங்கம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். வேம்புலி வலது மணிக்கட்டில் காப்போடு, காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இறங்கினான்.

பாதி ஆட்டம் முடியும்போது கைதிகள் இரண்டு கோல் போட்டிருந்தார்கள். இடைவேளையில் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். வேம்புலி ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டான். ஆல்தோ வகாபிடம் அந்த மஞ்சள் துணி என்ன என்று கேட்டான். வகாபு காப்பையும் மறுநாள் நெருப்பையும் பற்றிச் சொன்னார். ஆல்தோ தன் பூட்ஸைப் பார்த்தான், வேம்புலியின் காலைப் பார்த்தான்.

மறுபாதியில் ஆட்டம் மாறியது. ஆல்தோ பந்தோடு வருவான். வேம்புலி எதிரே வந்ததும் விலகிச் சுற்றிக்கொண்டு போவான், அல்லது பந்தை விட்டுவிடுவான். மூன்று முறை இப்படி நடந்தது. தெருவில் தன்னைக் கண்டு ஒதுங்கிப் போகிறவர்கள் வேம்புலிக்குப் பழக்கம். இது அந்த ஒதுங்கல் இல்லை என்பது அவனுக்குப் புரிந்தது. இருந்தும் பிடிக்கவில்லை. நாலாம் முறை, தன்னிடம் விடப்பட்ட பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"பாய், அந்தாளாண்ட சொல்லு. நெருப்பு நாளிக்கி. இன்னிக்கி ஆட்டம். என்னெ சுத்திகினு போவ வாணா. என் மேல வரச் சொல்லு."

வகாபு சொன்னார். ஆல்தோ சரி என்று தலையை அசைத்தான்.

அடுத்த தடவை அவன் நேராக வந்தான். வேம்புலியும் போனான். இருவரும் மோதியதில் பூட்ஸின் அடியில் இருந்த கட்டை வேம்புலியின் வலது பெருவிரலில் இறங்கியது. நகம் பாதி பிய்ந்து நின்றது. ஆனால் பந்து அவனிடம் இருந்தது. அதே காலால் ஓங்கி உதைத்தான். அது பாதி மைதானத்தைத் தாண்டிப்போய் வகாபின் முன்னால் விழ, வகாபு அதைக் கோலுக்குள் தள்ளினார். கம்பிக்கு வெளியே பம்பை அடித்தார்கள். மறுநாளைக்காக வந்திருந்த பம்பை அது.

கடைசியில் ஆல்தோ இன்னொரு கோல் போட்டான், வேம்புலியை ஏமாற்றித் தாண்டிப்போய். மூன்றுக்கு ஒன்று. தோற்றாலும் தாண்டிப்போன அந்த விதத்தை வேம்புலி பிற்காலத்தில் பலருக்குச் செய்து காட்டியிருக்கிறான்.

ரத்தம் சொட்டச் சொட்ட வந்த காலை அங்கம்மா பார்த்தாள். திட்டவில்லை. அவள் திட்டாதது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டினாள். துலுக்கானம் வந்து பார்த்தார். காலையில் ரத்தம் நின்றிருந்தால் இறங்கலாம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றார்.

காலையில் ரத்தம் நின்றிருந்தது. வீக்கம் இருந்தது. போகவேண்டாம் என்று அங்கம்மா அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னாள். அவன் குழந்தையைத் தூக்கி, அம்மைத் தழும்பு விழுந்த அதன் கன்னத்தைத் தடவிவிட்டு, "கால் மரத்துகினு தான் கீது" என்றான். அது பொய். அவளுக்கும் தெரியும்.

மாலையில் குழி தகதகவென்று கனிந்து கிடந்தது. வேம்புலி ஆறாவது ஆளாக இறங்கினான். உள்ளங்காலில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிய்ந்த விரலில்தான் வலி பிடரிவரை ஏறியது. ஓடவில்லை. எட்டு அடி வைத்து அக்கரை ஏறி, பால் ஊற்றி வைத்திருந்த பள்ளத்தில் காலை வைத்தபோது கண் இருட்டியது. யாரோ தோளைப் பிடித்தார்கள். அங்கம்மா அவனுடைய காப்பை இறுகப் பற்றிக்கொண்டு அழுதாள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஆல்தோ நின்றிருந்தான். வகாபும் ஒரு சிப்பாயும் கூட வந்திருந்தார்கள். துரையிடம் அனுமதி வாங்கியிருந்தான். கூழ் ஊற்றும்போது, வெள்ளைக்காரனுக்குக் கொடுக்கலாமா என்று பெண்கள் தயங்கினார்கள். ஊர்த் தெருவிலிருந்து வந்து வேடிக்கை பார்த்தவர்கள் யாரும் அங்கே பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். அங்கம்மா ஒரு புது மண்கலயத்தில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினாள். ஆல்தோ உட்கார்ந்து, முருங்கைக்கீரையைத் தொட்டுக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தான். பதினைந்து வயதிலிருந்து தானும் நெருப்பின் முன்னால் நின்று வேலை செய்தவன்தான், ஆனால் ஒருநாளும் அதற்குள் கால் வைக்க நினைத்ததில்லை என்று வகாபிடம் சொன்னான்.

இரண்டு நாள் கழித்துக் கைதிகள், தாங்களே வரைந்த மாதா படத்தைப் பலகையில் வைத்துப் பாடிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். வேம்புலி நொண்டிக்கொண்டே கம்பியோரம் போய் நின்று பார்த்தான். அவர்கள் ஆத்தாளும் ஊர்கோலம் போகிறாளே என்று அங்கம்மா மெதுவாகச் சொன்னாள்.

விரல் ஆற ஒரு மாதம் பிடித்தது. சரியாக நடக்கத் தொடங்கிய வாரத்தில் ரம்ஜான் பெருநாள் வந்தது. வகாபு தன்னோடு ஆடிய பத்துப் பேரையும் பூந்தமல்லியில் தன் வீட்டுக்கு அழைத்தார். வேம்புலி வாசலிலேயே நின்றான். வகாபு அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், பெரிய தாம்பாளத்தைச் சுற்றி மற்றவர்களோடு உட்கார வைத்தார். ஒரே தாம்பாளத்தில் நாலு கை. வேம்புலியின் கை முதலில் சோற்றைத் தொடாமல் விளிம்பிலேயே இருந்தது. மரியதாஸ் ஒரு கறித்துண்டை அவன் பக்கம் தள்ளிவிட்டான். ஜம்புலிங்கமும் வந்திருந்தார். அவர் உட்காரவில்லை. சேமியாப் பாயசத்தை மட்டும் நின்றபடியே வாங்கிக் குடித்து, நன்றாயிருக்கிறது என்றார்.

1946இல் கைதிகள் ஊருக்குக் கப்பலேறப் போனார்கள். ஆவடி ஸ்டேஷனில் ஆல்தோ ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஏதோ சொன்னான். வகாபு அன்று லாரியோடு வெளியூர் போயிருந்தார். சொன்னது என்ன என்று வேம்புலிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆட்டம் நிற்கவில்லை. 1947 ஏப்ரலில் பெரம்பூரில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்கு டிப்போவிலிருந்து பெயர்ப்பட்டியல் அனுப்பவேண்டியிருந்தது. ஜம்புலிங்கம் வேம்புலியை அழைத்தார். அவன் வழக்கம்போல் எட்டி நின்றான். கிட்ட வரச் சொன்னார். கேப்டன் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதிவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார்:

"உங்கப்பன் பேர் என்ன?"

பத்து வயதில் பண்ணைக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

"முனியன், ஐயா" என்றான். அவர் எழுதி முடிக்கும்வரை பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டு நின்றான்.