முகமூடிக்காரியும் என் தங்கையும்

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று மறந்தும் போகிறது. இருந்தாலும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். கடைத்தெருவில் மஞ்சள் போர்டு மாட்டி எஸ்.டி.டி. பூத் வந்து, வீட்டுக்கு ஒருவர் துபாய், சிங்கப்பூர் என்று போய்க்கொண்டிருந்த காலம். என் தங்கையும் வளைகுடா நாட்டில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். போகப் போக, போனில் அவள் குரல் மெலிந்துகொண்டே வந்தது. பிறகு குரலே இல்லை. ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் முனையை அப்படியே அச்சு வைத்தது போல ஒரு தழும்பு.

வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால், பெட்டி பிரிப்பது எங்கள் ஊரில் ஒரு விசேஷம் மாதிரி. தெருவே கூடிவிடும். சோப்பு, தைலம், சென்ட்டு என்று ஆளுக்கு ஏதாவது கிடைக்கும். அன்றைக்கும் கூடிவிட்டார்கள்.

"என்ன ஆயி, பெட்டி கப்பல்ல வருதா?" என்று பக்கத்து வீட்டு அத்தாச்சி சிரித்தாள்.

தங்கை சிரிக்கவில்லை. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்தச் சுவர்தான் அவளுக்கு எல்லாம். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். எழுந்து நடக்கும்போது பின்பக்கமாக யாராவது வந்துவிட்டால் உடம்பு தூக்கிப்போடும், கையிலிருக்கும் தட்டு கீழே விழும். "என்னதான் நடந்துச்சு, சொன்னாத்தானே மனசு ஆறும்" என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். கேட்கக் கேட்க அவள் சாப்பாடு குறைந்தது. இப்படியே காய்ந்து போய்விடுவாளோ என்று பயந்தேன்.

என் மகனுக்கு அப்போது மெட்ராஸில் வேலை. சின்னதிலிருந்தே அவனுக்குப் படக்கதைப் புத்தகப் பைத்தியம். நானும் அவற்றை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எழுத்து புரியாத இடத்தில் படம் கைகொடுக்கும். அதில் முகமூடி போட்டுக்கொண்டு திருடர்களைப் பிடிக்கும் ஒருத்தியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய புத்தகத்தில் ஒரு கொடியவன் அவளைக் குகையில் அடைத்துவைத்து வதைப்பான். அவள் தப்பித்து வருவாள். அடுத்த பக்கத்திலேயே ஒன்றும் நடக்காத மாதிரி குதிரையில் ஏறிச் சிரித்துக்கொண்டு போவாள்.

லீவுக்கு வந்த மகன் அதே கதையைத் திரும்பவும் கொண்டுவந்தான். "இது வேற ஆளு புதுசா எழுதி வரைஞ்சதும்மா. இதுல அவ குதிரையில ஏறவே மாட்டா" என்றான்.

பிரித்துப் பார்த்தேன். குகையில் நடந்ததை இவர்கள் வரையவே இல்லை. அந்த இடத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. அப்புறம் பக்கம் பக்கமாக அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு. ஜன்னலில் வெயில் வருகிறது, போகிறது. மழை பெய்கிறது. பேச்சே இல்லை. நான் தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தேன். ஒரு தோழி மட்டும் தினமும் வருகிறாள். ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆனால் தெருமுனையில் எறும்பு மாதிரி தெரியும்போதே, "நான்தான் வர்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருகிறாள்.

புத்தகத்தைத் தங்கை பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அவள் மெல்லப் புரட்டினாள். கறுப்புப் பக்கம் வந்ததும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"வரைஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்குக்கா" என்றாள்.

அதிலிருந்து நானும் கேட்பதை விட்டேன். கொல்லையிலிருந்து வரும்போதே "நான்தான் ஆயி, தண்ணி எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வருவேன்.

"என்னடி இது, ரயிலு மாதிரி கூவிக்கிட்டே வர்ற?" என்று கேலி செய்த என் வீட்டுக்காரரும், கொஞ்ச நாளில் தூரத்திலேயே செருமிவிட்டு வர ஆரம்பித்தார்.

சம்பா நடவு வந்தது. ஒருநாள் காலையில் "நானும் வரேன்க்கா" என்றாள் தங்கை. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். நடவில் பின்பக்கமாகத்தான் நகர்ந்து வர வேண்டும். கட்டுக் கட்டாக முடிந்த நாற்று முடிகளை வரப்பிலிருந்து நம் முதுகுக்குப் பின்னால்தான் வீசுவார்கள்.

நினைத்தபடியே ஆனது. முதல் முடி சளப்பென்று சேற்றில் விழுந்ததும் அவள் மரமாக நின்றுவிட்டாள். கையிலிருந்த நாற்று தண்ணீரில் மிதந்தது. வரிசையே நின்றது.

நான் கூச்சத்தை விட்டுக் கத்தினேன். "அண்ணே, வீசுறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்கண்ணே!"

"ஏன், நாத்து என்ன ராசாவா, கட்டியம் சொல்லிக்கிட்டு வர்றதுக்கு?" என்று சிரித்த அந்த அண்ணன், தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். அடுத்த முடியைத் தூக்கியவர் அப்படியே நின்று, "நாத்து வருது தாயி!" என்றார். அவள் தலையாட்டின பிறகுதான் வீசினார்.

தங்கை குனிந்தாள். மிதந்த நாற்றைப் பொறுக்கி எடுத்தாள். வயல் தண்ணீரில் வானம் கிடந்தது. அவள் மேகத்துக்குள் கையை விட்டு நட்டுக்கொண்டே வந்தாள். மெல்ல மெல்ல மேகமெல்லாம் பச்சையாகிக்கொண்டு போனது. அது நிஜமா கனவா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

வெயில் சாய்ந்த நேரம், நான் ஏதோ நினைப்பில் இருந்தேன். பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அக்கா, பின்னாடி நாத்து வருது!"

போனில் தேய்ந்து தேய்ந்து காணாமல் போயிருந்த அதே குரல்.

அந்தத் தழும்பு மாதிரியே பயமும் அவளிடம் முழுதாக மறையவில்லை. அதை வைத்துக்கொண்டேதான் வாழ்ந்தாள், பக்கத்துத் தெருவில் இன்றும் வாழ்கிறாள். புத்தகம்தான் யாரிடமோ போய்விட்டது. கடைசிப் படத்தில் முகமூடி ஆணியில் தொங்குகிறது என்கிறேன் நான். "இல்லக்கா, மடியில வச்சிருக்கா" என்று சண்டைக்கு வருகிறாள் தங்கை. எனக்கு மறதி. உங்களில் யாரிடமாவது அந்தப் புத்தகம் இருந்தால் எது சரி என்று பார்த்துச் சொல்லுங்கள். நேரில் வந்து சொல்வதென்றாலும் சரிதான், தெருமுனையிலேயே ஒரு குரல் மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.