ஸ்வெட்டரின் எடை எவ்வளவு

மலையில் பிரஷர் பார்க்கிற வேலை என்றால் பாதி வேலை ஸ்வெட்டரைக் கழற்ற வைப்பதுதான். நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஏழு வருஷமாக நர்ஸாக இருந்து சொல்கிறேன். எடை ஏறினால் இங்கே யாரும் சாப்பாட்டைக் குறை சொல்வதில்லை, குளிரைத்தான் சொல்வார்கள். நீங்களும் அப்படித்தானே? அப்போ நம்ம ஆள்தான், உட்காருங்க.

மெஷினுக்குக் குளிர்

ஃபேக்டரி ஆபீஸ் கிளார்க் பிரபுவுக்கு இருபத்தைந்து வயது. சேரும்போது அறுபது கிலோ, மூன்றே வருஷத்தில் எழுபத்தாறு. காலையும் மாலையும் டீயோடு நாலு வர்க்கி பிஸ்கட். "எல்லாம் ஸ்வெட்டர் கனமுங்க" என்று அடித்துச் சொன்னான். விடுவேனா? கழற்ற வைத்து, ஸ்வெட்டரை மட்டும் எடை மெஷினில் போட்டேன். முள் அசையவே இல்லை. குனிந்து பார்த்தவன் நிதானமாகச் சொன்னான்: "மெஷினுக்கும் குளிர் புடிச்சிருக்குதுங்க சிஸ்டர்."

கையெழுத்துக்கு வந்தவர்

செல்வம் வந்த அன்று அந்தச் சிரிப்பு நின்றது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி டிரைவர், வயது இருபத்தேழு. மூட்டை தூக்கிய காலத்தில் ஒல்லிக்குச்சி. ஸ்டியரிங் பிடித்த நாலு வருஷத்தில் இருபது கிலோ ஏறியிருந்தார். வருஷாந்திர செக்கப் சீட்டில் கையெழுத்து வாங்க வந்தவர், ஸ்வெட்டர் மேலேயே பிரஷர் பட்டையைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன், 168. "ஸ்வெட்டருங்க" என்றார். கழற்ற வைத்து, பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். 166. தலைசுற்றல் இல்லை, வலி இல்லை. எனக்குப் பயமே அதுதான்.

டாக்டரிடம் அனுப்பினேன். பிரஷர் இறங்கும்வரை அந்த வளைவுகளில் லாரி ஓட்டக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். செல்வத்தின் மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். போகும்போது செல்வம் வாசலில் நின்று கேட்டார்: "வண்டிய உட்டு எறக்கிட்டீங்களே சிஸ்டர், ஊட்ல நான் என்னான்னு சொல்றதுங்க?"

நாலாவது மாதம்

மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, தினமும் ஏற்றத்தில் நடை. மாதாமாதம் வந்து, என்னை முறைத்தபடியே கையை நீட்டுவார். நாலாவது மாதம் ஒன்பது கிலோ குறைந்திருந்தது. பிரஷர் 126. நான் போட்ட சத்தத்தில் டாக்டரே எழுந்து வந்தார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மாத்திரையை விடாதே என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டார். நானே லாரி ஓட்டப் போகிற மாதிரி எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

செல்வம் கிளம்பவில்லை. "உங்களுக்கு பிரஷர் எவ்வளவுங்க?" என்றார். எனக்கு வயது இருபத்தொன்பது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பதினாறு கிலோ ஏறியிருக்கிறேன். ஒரு நாளும் அந்தப் பட்டையை என் கையில் சுற்றியதில்லை. "ஸ்வெட்டர் போட்டிருக்கேனே செல்வம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்: "கழட்டுங்க சிஸ்டர், பத்து நிமிசம் நான் காத்திருக்கறேனுங்க."

எனக்கு 154 என்று வந்த நாளிலிருந்து எங்கள் டிஸ்பென்சரிச் சுவரில் ஸ்வெட்டர் மாட்ட ரெண்டு ஆணி இருக்கிறது, ஒன்று வருகிறவர்களுக்கு, இன்னொன்று எனக்கு.